ஷௌகியாவுக்குப் பிடித்த படம்

எங்கள் கட்டடத்தில் மாடிப்படி அதிர்ந்தால் ஷௌகியா இறங்குகிறாள் என்று அர்த்தம். நாலாவது மாடியிலிருந்து தெருவுக்கு வந்து சேர்வதற்குள் போகிற வழியில் இருக்கும் கதவுகளையெல்லாம் தட்டி, ரொட்டி வேண்டுமா, கொத்தமல்லி வேண்டுமா என்று கேட்பாள். பதில் வருமுன் அடுத்த மாடிக்குப் போயிருப்பாள். வயது ஐம்பத்தைந்து. நல்ல உயரம், மூட்டை தூக்குகிறவனுக்கு இருப்பது போன்ற தோள். அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடித்ததை எங்கள் இம்பாபாப் பேட்டையில் யாரும் பார்த்ததில்லை. பாதி டீயை யார் வீட்டு ஜன்னல் விளிம்பிலாவது வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

தொழில் சினிமா. சினிமா என்றால் கூட்டத்தில் நிற்பது. சந்தையில் தக்காளி பொறுக்கும் பெண், ஆஸ்பத்திரி வராந்தாவில் அழும் பெண், கதாநாயகன் ஓடிவந்து மோதும்போது வாயை அசைத்துத் திட்டும் பெண். இமாத் அத்தீன் தெருப் பக்கம் ஒரு காபிக்கடையில் துணை நடிகர்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆள் சேர்க்கிற ஏஜென்ட் வந்து விரலை நீட்டி, "நீ, நீ, அந்த நெட்டை" என்று பொறுக்கிக்கொண்டு போவான். நெட்டை என்றால் ஷௌகியா. கணவன் அப்துல் மௌலா லிபியாவுக்குக் கொத்து வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டான். அதற்குப் பிறகு அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டது அந்த ஏஜென்டின் விரல்தான்.

நான் இரண்டாவது மாடி. பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். என் தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்த வீடியோ பெட்டி என் வீட்டில் இருந்தது. இந்தக் கதைக்குள் நான் வந்தது அந்தப் பெட்டியின் புண்ணியத்தால்.

இயக்குநர் ஹலீம் வஸ்ஃபி எடுத்த படங்களில் எப்படியும் ஏழெட்டில் ஷௌகியா தலைகாட்டியிருப்பாள். வஸ்ஃபி படம் ஒன்றை வெள்ளிக்கிழமை மதியம் டிவியில் போட்டால் எங்கள் தெருவில் பழவண்டிக்காரன்கூடக் கூவ மாட்டான். அவற்றிலும் பெரிய பெயர் வாங்கியது 'பஹீஜாவின் கல்யாணம்'. கறுப்பு வெள்ளைப் படம். மணப்பெண்ணை அழைத்துப் போகும் காட்சியில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் வாசலில் கூடியிருக்க, முன்வரிசையில் ஒருத்தி தலையைப் பின்னால் சாய்த்து, வாயருகே கையை வைத்துக் குலவை போடுவாள். அது நீண்டுகொண்டே போகும். கூரையிலிருந்து புறாக்கள் எழும்பும். தியேட்டரில் அந்த இடத்தில் பெண்கள் பதிலுக்குக் குலவை போடுவார்களாம். அந்த முன்வரிசைக்காரிதான் ஷௌகியா. அப்போது ஆறு மாதக் கர்ப்பம். வயிறு தெரியாமல் கறுப்பு மிலாயாப் போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பிறந்த பெண்ணுக்கு மணப்பெண்ணின் பெயரையே வைத்தாள்.

அவள் படம் பார்க்கும் விதமும் எங்களுக்குப் பழக்கம்தான். தியேட்டருக்கு நாலு பேரை இழுத்துக்கொண்டு போவாள். தான் வருகிற காட்சி வரும்வரை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். வந்ததும், "பாத்தீங்களா? அதான் நான்! அந்தக் கூடை வச்சிருக்கிறவ!" என்று கத்துவாள். காட்சி முடிந்ததும் எழுந்துவிடுவாள். "அவ்வளவுதான், வாங்க." பின்னாலிருப்பவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினால், "இதுக்கு மேலே என்னய்யா இருக்கு?" என்று அவர்களிடமே கேட்பாள். டிவியில் போட்டாலும் அதே கதைதான். குலவை முடிந்த மறுநிமிஷம் மாடி மாடியாகப் போய் வாழ்த்து வாங்கிக்கொண்டு, அப்படியே அடுப்படிக்குப் போய்விடுவாள். நாங்கள் சிரிப்போம். அவள் ஏன் இப்படிப் பாதியிலேயே எழுந்துவிடுகிறாள் என்று எங்களில் ஒருத்திக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

வஸ்ஃபிக்கு எண்பது வயது நிறைகிறது என்று டிவியில் ஒரு நிகழ்ச்சி தயாரானது. அவரோடு வேலை பார்த்த தையல்காரர், விளக்குக்காரர், துணை நடிகர் என்று எல்லாரையும் தேடிப்போய், அவர் படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது, ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டுப் படம்பிடிக்கிற ஏற்பாடு. முன்கூட்டிப் பேசிவிட்டுப் போக லுப்னா என்ற பெண் வந்தாள். நாலு படித்த வார்த்தை பேச ஆள் வேண்டுமென்று ஷௌகியா என்னையும் மேலே இழுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"ஹாஜியம்மா, உங்களைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ளே உயிர் போயிடுச்சு" என்றாள் லுப்னா.

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகலை, கண்ணு. போறதுக்கு முன்னாடியே பட்டம் குடுத்து என்னைக் கிழவியாக்காதே. ஷௌகியான்னு கூப்பிடு."

"சரி, ஷௌகியாம்மா. வஸ்ஃபி சார் படத்திலே உங்களுக்குப் பிடிச்சது எது?"

"இது ஒரு கேள்வியா? 'பஹீஜாவின் கல்யாணம்'தான். என்ன ஒரு மங்களமான படம்! பாக்கிறவங்க மனசு குளிர்ந்துடும். அதான் என் பொண்ணுக்கே அந்தப் பேரை வச்சேன்."

லுப்னா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நல்லா தமாஷ் பண்றீங்க! இதை அப்படியே கேமரா முன்னாடி சொல்லுங்க. அந்தக் குலவையையும் ஒரு தடவை போட்டுக் காட்டணும், சரியா?"

"ஒரு தடவை என்ன, பத்து தடவை போடறேன். இம்பாபா முழுக்கக் கேக்கும்."

டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த பஹீஜா தட்டை அங்கேயே தரையில் வைத்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண், மருந்துக் கடையில் வேலை. அம்மாவுக்கு நேர் எதிர். பேசினால் அளந்து பேசுவாள், உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருப்பாள். லுப்னாவின் செருப்புச் சத்தம் படியில் தேய்கிறவரை காத்திருந்தாள்.

"அம்மா, அந்தப் படம் வேண்டாம். வேற ஏதாவது சொல்லு."

"ஏன்? உன் பேரு வெளியே வந்துடும்னு வெக்கமா?"

"வேண்டாம்னா விடேன்."

"காரணம் சொல்லு. டிவியிலேயிருந்து வீடு தேடி வந்து கேக்கறாங்க, எனக்கு இருக்கிறது அந்த ஒண்ணுதான். அதையும் விட்டுட்டு என்னத்தைச் சொல்ல? தக்காளி பொறுக்கினதையா?"

"நீ அந்தப் படத்தை முழுசாப் பாத்திருக்கியாம்மா?"

"நான் நடிச்ச படம்டீ அது!"

"அதைக் கேக்கலை. பாத்திருக்கியா?"

ஷௌகியா என்னைப் பார்த்தாள். தரையிலிருந்த தட்டை எடுத்தாள், ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டாள், ஜன்னலைத் திறந்தாள், மறுபடி சாத்தினாள். பஹீஜா உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரத்தில், வாடகைக் கடையிலிருந்து எடுத்துவந்த கேசட்டோடு ஷௌகியா என் வீட்டு வாசலில் நின்றாள்.

"டீச்சர், இதைப் போடுங்க. நான் எழுந்தா கையைப் பிடிச்சு உட்கார வைங்க."

போட்டேன். முதல் கால் மணி நேரம் அவள் உட்கார்ந்த இடங்களைச் சொல்லி மாளாது. சோபா, முக்காலி, தரை, பிறகு ஜன்னல் பக்கம். குலவைக் காட்சி வந்தது. திரையில் இருந்த ஷௌகியா தலையைச் சாய்த்தாள், புறாக்கள் எழுந்தன. என் பக்கத்தில் இருந்த ஷௌகியாவும் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டாள். நான் அவள் பாவாடை ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு வருகிற படத்தை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மணப்பெண் பஹீஜா போய்ச் சேர்ந்த வீட்டில் நாத்தனார் ஒருத்தி கதை கட்டிவிடுகிறாள். கதை ஊருக்குள் நடந்து, வீட்டுக்கு வீடு வளர்ந்து, கடைசியில் கணவனின் காதுக்குத் திரும்பி வருகிறது. அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். கல்யாணத்தன்று வாசலில் நின்று பாடிய பெண்களின் வீடுகளை அவள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறாள். ஒரு கதவும் திறக்கவில்லை. பட்டப்பகலில், கல்யாண உடையில் அல்ல, கிழிந்த வீட்டு உடுப்பில், கால்வாய்க்கு நடக்கிறாள். கரையில் அதே பெண்கள் நிற்கிறார்கள். அவள் வருவது தெரிந்ததும் ஒவ்வொருத்தியாகத் திரும்பி முதுகைக் காட்டிக்கொள்கிறார்கள். அவள் தண்ணீருக்குள் இறங்குவதைக் கேமரா காட்டுவதில்லை. கறுப்பு முதுகுகளை மட்டும் காட்டிக்கொண்டே நிற்கிறது. முன்னால் இருக்கும் முதுகு உயரமானது, தோள் அகன்றது.

ஷௌகியா திரைக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றாள்.

"இது நான் டீச்சர்."

"ஆமா."

"அன்னிக்கு எங்களை வெயிலிலே நிக்க வச்சாங்க. கை தட்டினா ஒவ்வொருத்தியா முதுகைத் திருப்பிக்கணும், அப்புறம் என்ன சத்தம் கேட்டாலும் யாரும் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாங்க. எதுக்குன்னு யாரும் சொல்லலை. நாங்களும் கேக்கலை."

"என்ன சத்தம் கேட்டுச்சு?"

"தண்ணிச் சத்தம். யாரோ குளிக்கிறாங்கன்னு நினைச்சேன். மீன் சோறு போடுவாங்களா, அவரைப்பயறாங்கிறதுதான் அன்னிக்கு என் யோசனையெல்லாம். வயித்துப் பிள்ளை பசி தாங்காது."

படம் முடிந்து திரையில் புள்ளி புள்ளியாக ஓட ஆரம்பித்தது. நான் நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. படியில் சத்தமும் கேட்கவில்லை. அவள் சத்தமில்லாமல் படி இறங்கி நான் அறிந்தது அன்றைக்கு ஒரு முறைதான்.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தாள். நதிக்கரையோடு நடந்தாளாம், எதுவரை என்று அவளுக்கே தெரியவில்லை. செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது. பஹீஜா என் வீட்டில் இருந்தாள். அம்மாவைக் காணவில்லை என்று கீழே வந்தவளிடம் நான் நடந்ததைச் சொல்லியிருந்தேன்.

"எப்பலேயிருந்து உனக்குத் தெரியும்?" என்று வாசலில் நின்றபடியே ஷௌகியா கேட்டாள்.

"பதினாலு வயசிலேயிருந்து. ஒரு வெள்ளிக்கிழமை டிவியிலே போட்டாங்க. குலவை முடிஞ்சதும் நீ மாடி மாடியாச் சொல்லப் போயிட்டே. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்."

"என் முதுகைக் கண்டுபிடிச்சியா?"

"உன் முதுகு எனக்குத் தெரியாதாம்மா?"

"பள்ளிக்கூடத்திலே?"

"கால்வாய்ப் பக்கம் போகாதே பஹீஜா, வழுக்கும்னு கேலி பண்ணுவாங்க. அதெல்லாம் பழகிப்போச்சு."

"ஏண்டி எங்கிட்ட சொல்லலை? ஊரெல்லாம் மங்களமான படம், மங்களமான படம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்ல ஆரம்பிச்சா நீ கடைசி வரைக்கும் நின்னு கேப்பியா?"

நான் டீ போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் கட்டடம் படாத பாடு பட்டது. காலையில் என் கதவைத் தட்டி, "டீச்சர், வேற படம் சொல்லிடறேன்" என்பாள். நான் பள்ளியிலிருந்து வரும்போது படியில் பிடித்துக்கொண்டு, "வேற படம்னா எதைச் சொல்றது? எதைத்தான் நான் பாத்தேன்?" என்பாள். கேசட் கடைக்குப் போய் வஸ்ஃபி படங்கள் என்று கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்தாள். என் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடியே பார்த்தாள். ஒரு படத்தில் மாவு ஆலையில் மூட்டை தைக்கிறாள். அந்த ஆலை முதலாளி கடைசியில் ஜெயிலுக்குப் போகிறான் என்று அறிந்ததும், "அட நாயே, எங்க எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் குடுத்தானே!" என்றாள். நடிகனைச் சொல்கிறாளா பாத்திரத்தைச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

காபிக்கடைக்குப் போய் ஃபிக்ரிய்யாவையும் பார்த்திருக்கிறாள். ஃபிக்ரிய்யா அவளுக்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறவள், வாய்க்குப் பூட்டில்லாதவள். அங்கே நடந்ததை ஷௌகியாவே எனக்கு நடித்துக் காட்டினாள்.

"அந்தக் கால்வாய்ப் படத்தோட முடிவு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாம என்ன? நான் உன் பக்கத்திலேதானே நின்னேன். தண்ணிச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பாத்துட்டேன். அந்தப் பொண்ணு கழுத்தளவு தண்ணியிலே நடுங்கிக்கிட்டு நிக்குது. அசிஸ்டென்ட் என்னை நாய் மாதிரித் திட்டி, பின்னாலே கொண்டுபோய் நிறுத்தினான்."

"நான் திரும்பலையே."

"அதான் உன்னை முன்னாடி நிக்க வச்சாங்க. நீ சொன்ன பேச்சு கேக்கிறவளாச்சே!" என்று ஃபிக்ரிய்யா சிரித்திருக்கிறாள். "ஏண்டி நெட்டை, இத்தனை வருஷம் கழிச்சு அதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? காசு குடுத்தாங்க, நின்னோம். அவளும் காசு வாங்கிக்கிட்டுத்தான் இறங்கினா. இன்னிக்கு அவ ஹெலியோபோலிஸிலே மாடி வீடு கட்டி உட்கார்ந்திருக்கா."

நியாயமான பேச்சுதான். ஷௌகியாவே அதை ஒப்புக்கொண்டாள். ஆனாலும் அன்றிரவு அவள் வீட்டில் நாற்காலிகள் நகர்கிற சத்தம் ஓயவே இல்லை என்று மூன்றாவது மாடிக்காரர் குறைசொன்னார்.

கடைசியாக ஒரு படம் அவளுக்குப் பிடித்துப்போனது. 'ஆறாம் நம்பர் டிராம்' என்ற வேடிக்கைப் படம். டிக்கெட் எடுக்காத ஒரு குமாஸ்தா நடத்துநரிடமிருந்து தப்பிக்க முயன்று, தவறுதலாக அதே டிராமில் வரும் ஒரு கல்யாண வீட்டாருக்கு மாப்பிள்ளையாகிவிடுகிறான். ஷௌகியா அதில் ஒரு வாத்தைப் பிடித்துக்கொண்டு டிராமில் ஏற முயன்று, ஏற முடியாமல் போகிறவள். அதை மட்டும் அவள் உட்கார்ந்து பார்த்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். "இதான் டீச்சர். இதைத்தான் சொல்லப் போறேன். இதிலே யாருக்கும் ஒண்ணும் ஆகலை. எனக்கு மட்டும் டிராம் கிடைக்கலை, பரவாயில்லை."

படப்பிடிப்புக்கு வியாழக்கிழமை வந்தார்கள். அவள் வீட்டுக்குள் கேமராவும் விளக்கும் கொள்ளாது என்பதால் மொட்டைமாடிக்குப் போனோம். ஒரு பக்கம் துணிக்கொடி, ஒரு பக்கம் புறாக்கூண்டு. புறாக்களைப் பார்த்ததும் லுப்னாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "குலவை போடும்போது கூண்டைத் திறந்துவிடலாம், படத்திலே மாதிரியே!" என்று கேமராக்காரரிடம் சொன்னாள். ஷௌகியா தலைத்துணியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க ஷௌகியாம்மா, உங்களுக்குப் பிடிச்ச வஸ்ஃபி படம்?"

"ஆறாம் நம்பர் டிராம்."

லுப்னா கையைக் காட்டிக் கேமராவை நிறுத்தினாள். "அம்மா, நாம வேற பேசினோமே."

"பேசினோம். அப்போ நான் அந்தப் படத்தைப் பாக்கலை."

"பாக்கலையா? நீங்க நடிச்ச..."

"நடிச்சவங்கதான் பாக்கணும்னு சட்டமா? இப்போ பாத்துட்டேன். பெரிய படம்தான், நான் இல்லைன்னு சொல்லலை. அந்த மனுஷர் என்னமோ ஒண்ணைத் தொட்டுட்டார். ஆனா நீ என்ன கேட்டே? பிடிச்சது எதுன்னு கேட்டே. எனக்குப் பிடிச்சது டிராம். எழுதிக்கோ."

லுப்னா தாஜா பண்ணிப் பார்த்தாள். டிராம் படத்தை யாரோ ஒரு நடிகர் ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்றாள். 'பஹீஜாவின் கல்யாண'த்திலிருந்து குலவைத் துண்டை எடுத்துத் தயாராக வைத்திருக்கிறோம், அதற்குப் பிறகு உங்கள் முகம் வந்தால் பார்க்கிறவர்களுக்குப் புல்லரிக்கும் என்றாள். ஷௌகியா அசையவில்லை. டிராம் படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். குமாஸ்தாவை நடத்துநர் என்றாள், நடத்துநரை மாப்பிள்ளையின் அப்பா என்றாள். கேமராக்காரர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரத்தில் பஹீஜா மருந்துக் கடையிலிருந்து வந்து மாடியேறினாள். லுப்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலாயிற்று.

"நீங்கதானே பஹீஜா? அந்தப் படத்துப் பேரு உள்ளவங்க? வாங்க, வாங்க, அம்மா பக்கத்திலே நில்லுங்க. உங்களுக்குப் பிடிச்சது எது?"

அவள் மறுத்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். ஷௌகியாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "அவளை விடு, வேலை முடிஞ்சு களைச்சுப்போய் வந்திருக்கா" என்று குறுக்கே வந்தாள்.

"எனக்குப் பிடிச்சது 'பஹீஜாவின் கல்யாணம்'" என்றாள் பஹீஜா.

ஷௌகியா வாயைத் திறந்தவள் மூட மறந்துபோனாள்.

"எத்தனையோ தடவை பாத்திருக்கேன். பொய் சொல்லாத படம். அந்தப் பொம்பளைங்களை அவர் ராட்சசிகளாக் காட்டலை. எல்லாரும் பயந்தவங்க, அவ்வளவுதான்." வழக்கம்போல அளந்துதான் பேசினாள். "போன வருஷம் என் நிச்சயதார்த்தம் முறிஞ்சுது. மாப்பிள்ளையோட அம்மா வந்து எங்க வீட்டைப் பத்தி, எங்கம்மா தொழிலைப் பத்தி வாய்க்கு வந்ததைப் பேசிட்டுப் போனாங்க. அன்னிக்கு எனக்கு இருக்கவே பிடிக்கலை. படுத்துக்கிட்டு இந்தப் படத்தை நினைச்சேன். அந்தப் பொண்ணு எல்லாக் கதவையும் தட்டினா, ஒருத்தரும் திறக்கலை, போயிட்டா. நான் இன்னும் ஒரு கதவைக்கூடத் தட்டலையேன்னு தோணிச்சு. எழுந்து போய் டீச்சர் கதவைத் தட்டினேன். அவங்க திறந்தாங்க."

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. சும்மா பேச வந்திருக்கிறாள் என்று எண்ணி, எலுமிச்சைச் சாறு கொடுத்து, என் மாணவிகளின் விடைத்தாள் வேடிக்கைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன நினைத்துக்கொண்டு வந்தாள் என்பது இந்த மொட்டைமாடியில்தான் எனக்குத் தெரிந்தது. புறாக்கூண்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வீட்டிலேதானே இருந்தேன்" என்றாள் ஷௌகியா. அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இல்லைம்மா. அந்தம்மா பேச ஆரம்பிச்சதுமே ஷூட்டிங் இருக்குன்னு எழுந்து போயிட்டே."

"ஷூட்டிங் இல்லை அன்னிக்கு."

"தெரியும்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தாதே என்று லுப்னா விரலால் சைகை காட்டியதை நான் பார்த்தேன். ஷௌகியாவும் பார்த்துவிட்டாள். இரண்டே எட்டில் போய் உள்ளங்கையால் கேமராவின் கண்ணை மூடினாள்.

"போதும் கண்ணு. டிராம் படத்தைப் போட்டுக்கோ. என் பொண்ணு பேசினதை எடுத்துடணும். உன் அம்மா மேலே ஆணை."

லுப்னா கெட்டவள் இல்லை. கண் கலங்கியிருந்தது. எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். பிறகு தயங்கித் தயங்கி, குலவை மட்டும் ஒரு தடவை என்றாள்.

"அது கல்யாணத்துக்குன்னு நினைச்சுப் போட்டது" என்றாள் ஷௌகியா. "இப்போ வராது."

அவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கிய பிறகு தாயும் மகளும் கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடித்தார்கள். ஒரு போர்வையை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடிக்கும்போது ஷௌகியா, "அந்தப் படம் உனக்குப் பிடிக்கும்னு தெரிஞ்சிருந்தா அதையே சொல்லியிருப்பேனே" என்றாள். "பாக்காமலே மங்களம்னு சொல்லிடுவியேன்னுதான் அன்னிக்குத் தடுத்தேன். நீ சொன்னது சரிதாம்மா. டிராம் நல்ல படம்" என்றாள் பஹீஜா. "எனக்கு அந்த வாத்து ரொம்பப் பிடிக்கும்." ஷௌகியா போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியாது. நான் கீழே வந்துவிட்டேன்.

நிகழ்ச்சியை ரமளானுக்கு முந்திய வாரம் போட்டார்கள். பழைய குலவை, எழும்பும் புறாக்கள், அடுத்து ஷௌகியாவின் முகம், "ஆறாம் நம்பர் டிராம்" என்ற மூன்று சொற்கள், அதோடு வேறொருவருக்குப் போய்விட்டார்கள். லுப்னா வாக்கைக் காப்பாற்றியிருந்தாள். கட்டடத்தார் எல்லாரும் என் வீட்டில் கூடிப் பார்த்தோம். மூன்றாவது மாடிக்காரர், "குலவை ஒரு படம், பேச்சு ஒரு படம், ஒண்ணுக்கொண்ணு ஒட்டலையே!" என்றார். "வாழ்க்கையே அப்படித்தான் இருக்கு, உங்களுக்கு டிவி மட்டும் ஒட்டணுமா?" என்று ஷௌகியா அவர் வாயை அடைத்தாள்.

டிவியில் முகம் வந்ததால் ஏஜென்டுகள் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் இப்போது அவளுக்கு ஒரு புதுப் பழக்கம். எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும், "கதை என்ன?" என்று கேட்கிறாள். "நீ இந்த ஓரத்திலேருந்து அந்த ஓரத்துக்குப் போனாப் போதும்மா" என்றால், "எனக்குப் பின்னாலே என்ன நடக்குது, அதைச் சொல்லு" என்கிறாள். சொல்லும்வரை நகர்வதில்லை. இரண்டு கம்பெனிகளில் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "உன் நெட்டைச்சிக்குக் கதை கேக்கிற வியாதி வந்திருக்கு" என்று ஏஜென்ட் ஃபிக்ரிய்யாவிடம் புலம்பினானாம்.

போன மாதம் கீஸா பக்கம் ஒரு படப்பிடிப்பு. உதவி இயக்குநர் சின்ன வயதுக்காரன், பொறுமைசாலி. வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறான். யூனிட் மொத்தமும் வெயிலில் காத்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடைசியிலே அந்தப் பையனை ஏன் சாகடிக்கறீங்க? அவன் அக்கா கதவைத் திறந்தா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று கேட்டாளாம். பாதிக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

என் வீட்டில் உட்கார்ந்து அவள் இதைச் சொன்னபோது பஹீஜாவும் இருந்தாள்.

"இனிமே கதையும் நீயே எழுதிடு" என்றாள் மகள்.

"எழுதத் தெரிஞ்சா எழுதமாட்டேனா? முதல்லே அந்தக் கால்வாயைத் தூர்த்துட்டு மறுவேலை பாப்பேன்."

"அப்புறம் அந்தப் படத்தை எவ பாப்பா?"

"நான் பாப்பேன்" என்றாள் ஷௌகியா. எழுந்து, படியிறங்கி, ரொட்டி வாங்கப் போய்விட்டாள்.